மீதேன் அளக்கப் போன வயல்

மாடுகள் ஏப்பத்தோடு விடும் மீதேன் வாயுவை அளப்பதுதான் அப்போது என் வேலை. தோப்பூர்ப் பக்கம் இறைச்சிக்கு மாடு வளர்க்கும் ஒருவருடைய பட்டியில், காதில் இலக்கம் குத்திய பன்னிரண்டு மாடுகள் என் பொறுப்பில் இருந்தன. கன்றிலிருந்து இறைச்சிக்கடை வரை ஒரு மாடு எவ்வளவு வாயு விடுகிறது என்று பார்க்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை போய், கருவியை இரும்பு முக்காலியில் பூட்டி, அசைபோடும் மாட்டின் மூக்குக்கு நேரே பிடிப்பேன்.

அன்று காலை நான் போனபோது பட்டி வெறுமையாக இருந்தது. வேலி பிரிந்து கிடந்தது. பட்டிக்காரரும், முக்காலியைத் தோளில் சுமந்தபடி நானும் அடிச்சுவட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். சுவடு அவருடைய தங்கை புருஷனின் வயலுக்குள் இறங்கியது. கதிர் தள்ளத் தொடங்கிய பயிர் சேற்றோடு சேறாகக் கிடந்தது. நடுவில் மச்சான்காரர் கத்தியோடு நின்றார். ஏழாம் இலக்க மாடு பின்கால் நரம்பு அறுந்து, எழும்ப முடியாமல் கதறியது.

"மச்சான், கத்தியைப் போடு," என்றார் பட்டிக்காரர்.

அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே பக்கத்தில் நின்ற கிடாரியின் காலிலும் வெட்டினார்.

பட்டிக்காரர் பாய்ந்தார். இருவரும் சேற்றில் புரண்டார்கள். கத்தி எங்கோ தெறித்தது. மச்சான்காரர் மேலே ஏறி, பட்டிக்காரரின் முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தார். கால்கள் உதறின. நான் முக்காலியால் மச்சான்காரரின் தாடையில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவர் கையை விட்டுவிட்டார். நான் நிறுத்தவில்லை. இன்னொரு முறையும் அடித்தேன்.

பட்டிக்காரர் சேற்றைக் கக்கிக்கொண்டு எழுந்து, கத்தியைத் தேடி எடுத்தார். இனி மச்சானைக் கொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மாடுகளிடம் போனார். அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி இரண்டையும் அறுத்தார். "துடிக்க விட ஏலா," என்றார். வாய்க்கால் சிவந்து ஓடியது.

குடும்ப விசயம் என்று யாரும் பொலிசுக்குப் போகவில்லை. படிவத்தில் இரண்டு மாடுகளுக்கும் நேரே 'அறுக்கப்பட்டது' என்று எழுதினேன். மேலிடத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து மச்சான்காரரைப் பார்க்கப் போனேன். பட்டிக்காரரின் தங்கை முகம் பார்க்காமல், நான் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார். அவர் புருஷனின் பற்களைக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.

"முதல் அடி அவரைக் காப்பாத்த அடிச்சனான்," என்றேன். "ரெண்டாவது அப்பிடியில்லை. அதுக்குத்தான் வந்தனான். மன்னியுங்கோ."

அவர் பல்லிடுக்கால் சொன்னார்: "கிழமைக்குக் கிழமை வந்து மாட்டை அளந்தீங்க. அது திண்ட என்ட வயலை ஒருத்தரும் அளக்க வரல்ல."

அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். பட்டிக்காரர் மாடுகளை ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தங்கையின் வீட்டுக்கு அவர் இன்னும் போவதில்லையாம்.