மண்டியில் போட்டுவைத்த கடைசிக்காலப் பணம்

1. வட்டி கூடிய வருஷம்

ஏலக்காய் விலை சரியத் தொடங்கிய வருஷத்தில்தான் எங்கள் முதலாளி வட்டியைக் கூட்டினார். அது ஏன் என்று மண்டியில் ஒருவரும் யோசிக்கவில்லை. சந்தோஷப்பட்டோம்.

அப்போது கம்பத்தில் ஓர் ஏலக்காய் மண்டியில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பென்ஷன் கிடையாது. சம்பளத்தில் ஒரு பகுதியை முதலாளியிடமே விட்டுவைப்போம். அவர் அதை வியாபாரத்தில் போட்டு, தபால் ஆபீஸைவிடக் கூடுதல் வட்டி வரவு வைப்பார். வேலையை விட்டு நிற்கும்போது மொத்தமாகக் கிடைக்கும். அதற்கு முன்னால் கேட்டால், உங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். ஒருவரும் கேட்டதில்லை. என் பணமும் அங்கேதான் இருந்தது.

எடைக்காரர் சடையாண்டி அண்ணனுக்குக் கண்ணில் புரை விழுந்து, தராசு முள் சரியாகத் தெரியவில்லை. தை மாதத்தோடு நிற்பதாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் இல்லை. அவருக்கும் அவர் மனைவி சிட்டம்மாவுக்கும் மிச்சக் காலத்துச் சோற்றுக்கு அந்தப் பணம்தான்.

"பணத்தை இங்கனயே விட்டுட்டு மாசாமாசம் வட்டியை வாங்கித் தின்னாப் போதும்ல, கணக்கப்பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

2. சிட்டம்மா வந்த நாள்

மார்கழியில் ஒரு காலை. மலையிலிருந்து காய் கொண்டுவந்த தோட்டக்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். சிட்டம்மா நேராக முதலாளி முன்னால் வந்து நின்றார்.

"எங்க வீட்டுக்காரரு பணத்தைக் குடுத்துருங்க மொதலாளி. அனுமந்தன்பட்டியில ஒரு வயலை ஒத்திக்குத் தாரேன்னு சொல்லிட்டாக."

ஒத்தி என்றால், நாம் கொடுத்த பணம் திரும்பி வரும்வரை வயல் நம் கையில் இருக்கும். வட்டிக்குப் பதிலாக விளைச்சல் நமக்கு.

முதலாளி சிரித்தார். "ஏன் ஆத்தா, நான் குடுக்குற வட்டி வயல்ல வெளையுமா?"

"வட்டி ஏறும், எறங்கும். காய் வெலையும் அப்படித்தான இருக்கு. எங்க வயிறு மட்டும் எறங்க மாட்டேங்குதே. நெல்லு வந்தா அவிச்சுத் தின்னுக்கிருவோம்."

தோட்டக்காரர் ஒருவர், "சடையாண்டி காயைத்தான் எடை போடுவான். இவ ஆளையே எடை போடுறாளே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சடையாண்டி அண்ணன் மட்டும் தராசடியில் தலை குனிந்து நின்றார்.

"மானத்தை வாங்காத. வீட்டுக்குப் போ" என்றார் மனைவியிடம். சிட்டம்மா நகரவில்லை. வெளியாட்கள் முன்னால் இல்லையென்று சொல்ல முதலாளிக்கு வழியில்லை. பெட்டியைத் திறந்து முழுவதையும் கொடுத்தார்.

3. அன்றைக்கே சாயங்காலம்

கடை கட்டும் நேரத்தில் சடையாண்டி அண்ணன் துணி முடிச்சோடு திரும்பி வந்தார். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. முடிச்சை முதலாளியின் முன்னால் வைத்தார்.

"அவ பேசுனத மனசுல வச்சுக்காதீக மொதலாளி. ஒத்தியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

வரவு எழுதப் பேனாவை எடுத்தேன். முதலாளி முடிச்சை அண்ணன் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போ."

"கோவமா மொதலாளி?"

"கோவமில்லப்பா. இங்கன வைக்காத. ஒம் பொண்டாட்டி சொன்ன வயலை நாளைக்கே பேசி முடி."

பேனாவைக் கீழே வைத்தேன். வருகிற பணத்தை வேண்டாம் என்ற வியாபாரியை நான் பார்த்ததே இல்லை. அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முடிச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி கூப்பிட்டால் மட்டும் வாய் திறக்கிறவன் நான். அன்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"அப்ப, என் பணம் மொதலாளி?"

அவர் பெட்டியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அடியில் சில்லறை கிடந்தது.

"சடையாண்டிக்குக் குடுத்ததுதான் கடைசி. நீ காலையில கேட்டிருந்தா உனக்குக் குடுத்திருப்பேன்."

தை பிறப்பதற்குள் மண்டி பூட்டிவிட்டது. விலை ஏறும் என்று சரக்கைப் பிடித்து வைத்து நட்டப்பட்டவர், அதை அடைக்கத்தான் வட்டியைக் கூட்டி எங்கள் பணத்தை நிறுத்தி வைத்திருந்தார். என் பணம் வரவே இல்லை.

இப்போது வேறொரு மண்டியில் இருக்கிறேன். என் சேமிப்பில் பாதி தபால் ஆபீஸில், பாதி ஒரு சின்ன ஒத்தி வயலில். வருமானம் குறைவுதான். வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். சம்பளம் தருகிறவரிடமே சேமிப்பையும் விடாதீர்கள். வட்டியைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ஏன் என்று அன்றைக்கே கேளுங்கள். நான் வாய் திறந்தபோது ஒரு பகல் பிந்திவிட்டது.