படிக்காமல் கொடுத்த நாவல்

திண்டுக்கல்லில் எங்கள் சபைப் பெண்களுக்குக் கிறிஸ்தவக் காதல் நாவல், மர்ம நாவலெல்லாம் சிபாரிசு செய்பவள் நான்தான். ஒருமுறை பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு, "அருமையான கதை" என்று ஒன்றை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன்.

மறுமாதம் ஆராதனை முடிந்ததும் அவள் என்னை ஓரமாக அழைத்தாள். முழங்கை கன்றிப்போயிருந்தது.

"அக்கா, கதையில அடிக்கிற புருசன் பொண்டாட்டி ஜெபத்துல திருந்திடுறான்ல? அதான் அம்மா வீட்டுக்குப் போகாம பொறுத்துக்கிட்டிருக்கேன். இன்னும் எம்புட்டு நாளுக்கா?"

வாசலில் அவள் கணவன் பைக்கில் காத்திருந்தான். மழுப்பினால் அவனோடு போய்விடுவாள். உண்மையைச் சொன்னால் என் மானம் போய்விடும்.

"நான் அதைப் படிக்கவே இல்ல ஸ்டெல்லா. நீ பொறுத்துக்க வேணாம். வா, அம்மா வீட்டுக்குப் போவோம், நானும் கூட வாரேன்."

பக்கவாசல் வழியாகப் போய் வடமதுரை பஸ் ஏறினோம். அங்கே அவளை அம்மா வீட்டில் விட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

இப்போது அங்கிருந்தே வேலைக்குப் போகிறாள். என் பேச்சை நம்பி அவள் வாங்கிய அடிகளுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பதென்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.