லேசாகப் போன ஐந்து ஸ்டட்

1. பூண்டி ரோட்டில் சாய்ந்த கார்

டிரைவர் பழனிச்சாமி பட்டறைக்குள் நுழைந்தபோது அவர் வேட்டி சட்டையெல்லாம் செம்மண். ஒரு பனியன் கம்பெனிக்குக் கார் ஓட்டியவர் அவர். பழைய கார். பின்சீட்டைக் கழற்றிவிட்டு பனியன் பண்டல் ஏற்றுவார்கள். பத்து நாளுக்கு முன்னால்தான் அதன் இடது பின்சக்கரத்துக்கு நாங்கள் புது ஸ்டட், அதாவது சக்கர நட்டு ஏறும் போல்ட், போட்டுக் கொடுத்திருந்தோம்.

"ஏனுங்க, நீங்க போட்ட சக்கரம் பூண்டிகிட்ட ஆடிப்போச்சுங்க. ரண்டு ஸ்டட்டு முறிஞ்சு கெடக்குது. இன்னுங் கொஞ்சம் வேகமாப் போயிருந்தா என்ற பொண்டாட்டி தாலிய அறுத்திருப்பாளுங்க."

திருமுருகன்பூண்டியில் சிலை கொத்துகிறவர்கள் ஓடி வந்து கடப்பாரை போட்டுக் காரைத் தூக்கி நிறுத்தினார்களாம். மீதி மூன்று ஸ்டட்டும் நட்டை முடுக்கினால் நட்டோடு சேர்ந்து சுற்றின என்றார். யார் செய்த வேலை இது என்றுதான் உடனே யோசித்தேன். என் புத்தி அப்படி. பட்டறையில் எனக்கு சி.ஐ.டி. என்றே பெயர். டீயில் சர்க்கரை குறைந்தால்கூட யார் எடுத்தது என்று கேட்பேன்.

2. அந்த வேலை எப்படி நடந்தது

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தட்டு ஹப். அதன் துளைகளில் ஸ்டட்டுகள் பின்பக்கத்திலிருந்து அமுக்கப்பட்டு நிற்கும். ஸ்டட்டின் கழுத்தில் பல் பல்லாக இருக்கும். துளை அதைவிட மயிரிழை சிறியதாக இருந்தால்தான் பல் இரும்பைக் கடித்துப் பிடிக்கும். பெரிதாகிவிட்டால் பிடிப்பு போச்சு.

அந்தக் காரின் பழைய ஸ்டட்டுகளில் மரை தேய்ந்துவிட்டது. அதே அளவு எங்கும் கிடைக்கவில்லை. கோயமுத்தூரில் கிடைத்தது கொஞ்சம் தடிமன். எனவே ஹப் துளைகளைப் பெரிதாக்க வேண்டும். எங்களிடம் அதற்குத் தோதாக, துளையைச் சீவிப் பெரிதாக்கும் ரீமர் இரண்டு இருந்தன. ஒன்றுக்கும் மற்றதற்கும் நாலு தவ் வித்தியாசம். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஸ்டட்டை அளந்து பார்த்து எந்த ரீமர் என்று முடிவு செய்ய வேண்டும்.

அளப்பது என் வேலை. பட்டறைக்கு ஒரே ஒரு மைக்ரோமீட்டர். அது என் பெட்டியில், என் பூட்டில் இருக்கும். சாதாரண வேலைக்கெல்லாம் காலிப்பர் போதும், மைக்ரோமீட்டர் மாதத்தில் இரண்டு மூன்று தடவைதான் வெளியே வரும். வேறு யாரையும் தொட விடமாட்டேன். ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் மற்றவர்கள் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மைக்ரோமீட்டருக்கு மட்டும் நானே வைத்தேன்.

பூஜை முடிந்து பட்டறை திறந்ததும் வந்த முதல் வேலை இந்த ஹப். ஸ்டட்டை அளந்தேன், பெரிய ரீமர் என்று முடிவு செய்தேன், ஐந்து துளைகளையும் ரீமர் ஓட்டிக் கொடுத்தேன். கைப்பிரஸ்ஸில் ஸ்டட்டை அமுக்கியது இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் ஸ்டட்டை அமுக்கியதுமே கையை எடுத்துவிட்டான்.

"அண்ணாச்சி, இது ரொம்ப லேசா உள்ள போவுது. ஒருக்கா பாருங்களேன்."

"அளந்தாச்சு. நீ அமுக்கற வேலையப் பாரு" என்றேன்.

அவன் மீதி நாலையும் அமுக்கினான்.

3. நான் சொன்ன சாட்சி

பழனிச்சாமி போன பிறகு முதலாளி சென்னியப்பன் என்னைக் கூப்பிட்டார். "ஏனப்பா கந்தசாமி, எங்க தப்பு நடந்துச்சு?"

நான் யோசிக்கவே இல்லை. "அளவு சரிங்க. அமுக்கறப்ப இந்த இசக்கிமுத்து பிரஸ்ஸுக்குப் பதிலா சுத்தியல்ல தட்டியிருப்பானுங்க. பல்லு தேஞ்சிருக்கும். தப்பு செஞ்சவனுக்குத்தானே முன்கூட்டியே தெரியும்? லேசாப் போவுதுன்னு அன்னைக்கே ஒரு பேச்சைப் போட்டு வெச்சானுங்க, நாளைக்குத் தப்பிச்சுக்கலாம்னு."

என் சந்தேகம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்தது பாருங்கள். அவன் சொன்ன எச்சரிக்கையையே அவனுக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டேன். அப்போது அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் இசக்கிமுத்துவின் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். ஸ்டட்டைச் சுத்தியலால் அடிக்கிறவன் என்று ஊரில் மற்றப் பட்டறைகளுக்கும் சொல்லியாகிவிட்டது. போகும்போது அவன் என்னைப் பார்த்து, "நா சொன்னேம்லா அண்ணாச்சி" என்றான். நான் லேத்தைப் பார்த்தபடி நின்றேன்.

4. பேரிங் கடையில் உடைந்த மூக்கு

மூன்றாம் நாள் ஒரு நிட்டிங் மெஷினுக்குச் சின்ன பேரிங் ஒன்று வாங்கி வந்தேன். நம்பிக்கை இல்லாமல் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். நாலு தவ் அதிகம். டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று மைக்ரோமீட்டரோடு நேராகக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

கடைக்காரர் வயசானவர். கோபப்படாமல் வேறு இரண்டு பேரிங்கை எடுத்து நீட்டினார். அவையும் நாலு தவ் அதிகம்.

"எல்லாமே டூப்ளிகேட்டா?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. அந்த மைக்ரோமீட்டரை வெறுமனே மூடிக் காட்டுங்க."

மூடினேன். ஜீரோ காட்ட வேண்டியது நாலு காட்டியது. அவர் அதை வாங்கித் திறந்து, பொருளைக் கவ்வுகிற முனையை வெளிச்சத்தில் சாய்த்தார். மஞ்சளாக ஒரு துளி, சுண்ணாம்புபோலக் காய்ந்து ஒட்டியிருந்தது. "சந்தனமுங்க" என்றார். "பூஜைக்கு வெச்சது போலிருக்குது."

நகத்தால் சுரண்டிவிட்டு மூடினேன். ஜீரோ.

பட்டறைக்கு நடந்து வரும் வழியில் வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. கோயமுத்தூரில் வாங்கியதில் மீதமிருந்த ஒரு ஸ்டட்டை எடுத்து மறுபடி அளந்தேன். சின்ன ரீமர்தான் ஓட்டியிருக்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமே இல்லை. கடைக்காரருக்கு ஹப் கதை தெரியாது. முனையைத் துடைத்தாயிற்று. நான் வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் அந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழனிச்சாமியின் காரிலிருந்து கழற்றிய ஹப் மேஜைமேல் என் முன்னால் கிடந்தது. எழுந்து முதலாளியிடம் போனேன்.

அவர் முழுக்கக் கேட்டார். "நீ அவனை வெரட்டலீப்பா. உன்ற பேச்சைக் கேட்டு நான் வெரட்டிப்போட்டேன்" என்றார் கடைசியில். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

5. மூடிக் காட்டுங்க

இசக்கிமுத்துவை ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கண்டுபிடித்தேன். ஒரு பட்டறையும் சேர்த்துக்கொள்ளாததால் பஞ்சுப் பொதி தூக்கிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். அவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"வாரேன் அண்ணாச்சி. ஆனா இதை எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது. அந்த டிரைவர் முன்னால சொல்லணும். ஒவ்வொரு பட்டறைக்கும் போயிச் சொல்லணும். எம்பேரு கெட்டது அங்கதான?"

போனேன். ஏழு பட்டறை. ஏழு இடத்திலும் என் முட்டாள்தனத்தை நானே விவரித்தேன். பழனிச்சாமி மட்டும், "சாமிக்கு வெச்ச சந்தனம் என்னைய சாமிகிட்டயே அனுப்பப் பாத்துச்சுங்களா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஹப் வீணாகிவிட்டது. வேறொரு ஹப் தேடிப் பிடித்து, இரண்டு பேரும் சேர்ந்து சின்ன ரீமர் ஓட்டி ஸ்டட் போட்டோம். இந்தத் தடவை இசக்கிமுத்து பிரஸ்ஸின் கைப்பிடியில் தன் முழு எடையையும் போட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஒன்றாக வேலை செய்தோம். நடந்ததைச் சொல்லி அவன் ஒரு நாளும் என்னைக் குத்தியதில்லை. ஆனால் நான் அளக்கப் போகும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நிற்பான். "மூடிக் காட்டுங்க அண்ணாச்சி" என்பான். காட்டுவேன். அவன் கண்ணால் ஜீரோவைப் பார்த்த பிறகுதான் ரீமரைத் தொடுவேன். சி.ஐ.டி. பட்டத்தைப் பட்டறை அவனுக்கு மாற்றிவிட்டது. ஊரில் ஒருவரையும் நம்பாத நான் என்னை மட்டும் முழுசாக நம்பியிருந்தேன். அதனால் அவன் என்னை நம்பாதது சரி என்றுதான் பட்டது.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு என் மேஜைக்குப் போனேன். இசக்கிமுத்து எனக்கு முன்னாலேயே வந்து, மைக்ரோமீட்டரைப் பெட்டிக்குள் வைத்து மூடி, மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"பெட்டி மேல வைங்க அண்ணாச்சி" என்றான்.

பெட்டி மேலேயே வைத்தேன்.