தண்ணீருக்கு வந்த ஆட்டுக்கொல்லி

துளி அளக்கும் பைப்பெட்டைக் கையில் எடுத்துவிட்டால் பிரிஜெட் மூச்சைப் பிடித்துக்கொள்வார். நீலத் தொப்பிக்குக் கீழே புருவம் மட்டும் ஏறி இறங்கும். கடைசிக் குழாயில் துளி விழுந்து, மூடியும் அழுந்திய பிறகுதான் "ஆயித்து" என்று பெருமூச்சு வரும். காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர்; பேச்சு தமிழானாலும், எந்த வேலையும் அவருக்குக் கன்னடத்தில்தான் முடியும்.

ஆடுகளுக்கு வரும் வைரஸ் நோய்களைக் கண்டறியும் ஆய்வுக்கூடத்தில் பிசிஆர் சோதனை அவர் பொறுப்பு. மாதிரி கொண்டுவருகிறவர்களிடம் முதலில் ஆட்டின் பெயரைத்தான் கேட்பார். குழாயில் எண்ணை மட்டுமே எழுத முடியும், இருந்தாலும் கேட்பார். பெயரில்லாத ஆட்டுக்கு அவரே ஒன்று வைத்துவிடுவார், பெரும்பாலும் நாத்தனார்களில் ஒருத்தியின் பெயர்.

ஒருநாள் காலை, கால்நடை மருத்துவர் எடுத்துத் தந்த மூக்குச்சளியும் புண் பொருக்குமாக வந்தார் அய்யாவு. அடுகோடிப் பக்கம் பட்டறை வேலை, வீட்டுக்குப் பின்னால் ஆடுகள். அதில் செவலை என்கிற ஆட்டுக்குக் காய்ச்சல், வாயெல்லாம் புண். ஆட்டுக்கொல்லி நோய் என்றால் மந்தையே போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்தியிருந்தார்கள்.

அன்று மதியம் திரையில் செவலையின் கோடு மேலே ஏறியது. ஏறினால் வைரஸ் இருக்கிறது என்று பொருள்.

"பாசிட்டிவா அக்கா?" என்றார் பக்கத்து மேசை கிரண்.

பிரிஜெட் இன்னொரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சோதனையிலும் ஒரு குழாயில் வெறும் தண்ணீர் வைப்பார்கள். அதன் கோடு தரையோடு படுத்திருக்க வேண்டும். அதுவும் எழுந்து நின்றது.

"தண்ணிக்கு எப்பிடிப்பா ஆட்டுக்கொல்லி வரும்? எங்கயோ கலந்துபோச்சு. இந்தக் குழாய எல்லாம் தூக்கிப் போட்டுடு, மிச்ச மாதிரிய வெச்சு மொதல்லேருந்து பண்ணலாம்."

அய்யாவுவுக்குத் தாமே போன் போட்டு, முடிவு இன்னும் தெரியவில்லை என்றார்.

"மேடம், கறிக்கடைக்காரரு வண்டியோட வந்து நிக்கிறாரு. எல்லாத்தையும் ஏத்திடட்டுமா?"

"ஏத்தாதீங்க. சீக்கு இருந்தா போற எடமெல்லாம் பரவும். இல்லாட்டி நல்ல ஆட்ட வீணா எழந்துடுவீங்க. நாளைக்கு நானே சொல்றேன்."

"அதுக்குள்ள செத்துட்டா?"

"இன்னிக்கு மட்டும் பொறுங்கண்ணா," என்றார். அன்று மேசை, பைப்பெட், கதவுப்பிடி என்று எதையும் விடாமல் துடைத்துத் தள்ளினார்.

மறுநாள் தண்ணீர் ஒழுங்காகப் படுத்திருந்தது. பக்கத்திலேயே செவலையும். கூடவே செய்த வேறொரு சோதனையில்தான் கோடு எழுந்தது: வாயைச் சுற்றிப் புண் போட்டு, பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் இன்னொரு வைரஸ்.

"ஆட்டுக்கொல்லி இல்லண்ணா, வாய்ப்புண்ணுதான். தனியா கட்டுங்க. வெறுங்கையால தொடாதீங்க, உங்களுக்கும் ஒட்டும். மெத்துன்னு தீனி குடுங்க."

மறுமுனையில் ஆடு கத்தும் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு அய்யாவு சொன்னார்: "நான் சொன்னா செவலை நம்பாது மேடம். நேத்துலேருந்து என் மூஞ்சியவே பாத்துட்டிருக்கு. நீங்களே சொல்லிடுங்க, போன அது காதுல வெக்கிறேன்."

பிரிஜெட் வராந்தாவுக்கு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.