மூன்றாம் பனைக்கு அப்பால்

போன சனிக்கிழமை காலையில், பனி விலகுவதற்கு முன்பே, என் மகன் சிநேகிதர்களோடு கண்மாய்க்குப் பறவை பார்க்கப் போனான். மார்கழியில் வடக்கேயிருந்து என்னென்ன பறவை வருகிறதென்று பார்த்துவரச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் அனுப்பியிருந்தார்கள். நல்ல காரியம்தானே என்று நானே தலையில் குல்லாயை மாட்டி அனுப்பினேன். அவன் தெருமுனையில் பனிக்குள் மறைந்ததும் நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்க ஆரம்பித்தேன். பனியைக் கண்டால் வரும் இந்தப் பயம் இன்றைக்கு நேற்று வந்ததல்ல.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பத்து வருஷம் முந்தி இருக்கும், நான் சின்னப் பெண். அப்பா மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். கிறிஸ்துமஸ் லீவில் மற்ற வீடுகளில் பலகாரம் நடக்கும். எங்கள் வீட்டில் பலகாரத்தோடு பரிசோதனையும் நடக்கும். மொட்டை மாடியில் பஞ்சை விரித்துவைத்து, விடிந்ததும் பிழிந்து, எவ்வளவு பனி இறங்கியதென்று மருந்துக் குப்பியில் ஊற்றிப் பார்ப்போம். தேங்காயெண்ணெய் பாட்டிலை முற்றத்துக் கொடியில் தொங்கவிட்டு, காலையில் எதுவரை உறைந்திருக்கிறது என்று பார்ப்போம். அதுதான் ஏழை வீட்டுத் தெர்மாமீட்டர் என்பார் அப்பா. தெர்மாமீட்டர் உருகித் தலைக்கு எண்ணெய் கிடைக்கும்வரை அம்மா கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு காத்திருப்பாள்.

அம்மாவுக்குச் சோழவந்தான் பக்கம். சின்ன வயதிலேயே ஞானஸ்நானம் பெற்றவள், பைபிள் சங்கீதங்களில் பாதி மனப்பாடம். ஆனாலும் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் வளர்ந்தபோது பிடித்த சில பயங்கள் அந்தத் தண்ணீரில் கரையவில்லை. அதில் ஒன்றை எனக்கும் தம்பிக்கும் கட்டளை மாதிரி சொல்லிவைத்திருந்தாள். ஆளைக் காணாமல் குரல் மட்டும் கேட்டால், மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது. அப்பா ஒருநாள் சாப்பிடும்போது, மூன்றுவரை எண்ணத் தெரியாத பேயெல்லாம் தன் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்பில் சேரலாம் என்றார். அம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, அவர் கைகழுவப் போனதும், மறந்துவிடாதீர்கள் என்று எங்களுக்குக் கண்ணால் சொன்னாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்து வில்லாபுரம் கண்மாய் நிறைந்து கிடந்தது. லீவில் ஒருநாள், பொழுது விடிந்தும் சூரியனைக் காணாதபடி மூடுபனி இறங்கியது. அப்பாவுக்குப் பண்டிகை வந்துவிட்டது. இந்த மாதிரிப் பனியில் மனுஷனுக்குக் கண் முதலில் தோற்குமா, காது முதலில் தோற்குமா என்று இன்றைக்குத் தெரிந்துகொள்ளப்போகிறோம் என்று எங்கள் மூன்று பேரையும் கிளப்பினார். அம்மா சுக்குக் காப்பியைச் செம்பில் ஊற்றி, துணி சுற்றி எடுத்துக்கொண்டாள்.

கரையின் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல். நடுவில் கரைமேல் வரிசையாகப் பனைமரங்கள். அம்மா சற்றுத் தள்ளி மடைக்கல்லில் உட்கார்ந்துகொண்டாள். தம்பிக்கு அப்போது ஆறு வயது. அவன் ஒவ்வொரு பனையாகப் போய் நிற்க வேண்டும். அப்பா இருந்த இடத்திலிருந்து, ஒரே சத்தத்தில், பனைக்கு ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கேட்டால் அவன் பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கூப்பிட்டால் பரிசோதனை கெட்டுப்போகும் என்று அப்பா எங்களுக்கு விளக்கினார்.

முதல் பனையிலிருந்து தம்பி ‘ஏம்ப்பா’ என்றான். இரண்டாவது பனையில் அவன் அழிரப்பரால் பாதி அழித்த படம் மாதிரி தெரிந்தான்; அங்கிருந்தும் பதில் வந்தது. அதற்கப்புறம் பனி அவனை மூடிக்கொண்டது. மூன்றாம் பனைக்குப் போய்ச் சேர நேரம் கொடுத்துவிட்டு அப்பா கூப்பிட்டார். பதில் இல்லை.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா, கண்ணும் காதும் ஒரே பனையில தோத்துப்போச்சு” என்று என் தோளைத் தட்டினார். அப்படியானால் இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால் கேட்க வேண்டுமே என்று, என்னையும் கூட்டிக்கொண்டு இரண்டாவது பனைவரை நடந்து, அங்கிருந்து ஒரு தடவை கூப்பிட்டார். அப்போதும் பதில் இல்லை. சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது, ஆனால் அதை அவர் மறந்துவிட்டார் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்ப் பக்கம் தொபுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

அப்பா ஓடினார். செருப்பு கழன்று எங்கோ விழுந்தது. மூன்றாம் பனையடியில் யாரும் இல்லை. சத்தம் வந்த திசையில் சரிவில் இறங்கி, வேட்டியோடும் கோட்டோடும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவினார். தினமும் நாற்பது பையன்களை அதட்டுகிற வாய் அது. திறந்து திறந்து மூடியதே தவிர, பெயர் வெளியே வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

நான் மடைக்கு ஓடிப்போய், அப்பா கூப்பிட்டார், தம்பி பதில் சொல்லவில்லை, தண்ணீரில் தேடுகிறார் என்று அழுதேன். அம்மா எழுந்த வேகத்தில் செம்பு சாய்ந்தது. ஆனால் அவள் கேட்டது இதைத்தான்.

“எத்தன தடவ கூப்பிட்டாரு?”

“ரெண்டு.”

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்றாம் பனைக்கு வந்து நின்றாள். தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அவள் மூச்சு இழுத்தது எனக்குக் கேட்டது. என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்தது. மூன்றாம் தடவை கூப்பிட்டாள்.

“ஏம்மா?”

வயல் பக்கத்துத் தாழம்புதரிலிருந்து, சாப்பிடக் கூப்பிட்டால் கேட்பதுபோலச் சாதாரணமாக வந்தது குரல். அந்தக் கட்டளை இருட்டுக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். தம்பிக்கோ கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இருட்டுதான். முட்டியெல்லாம் சேறாக மேலே ஏறி வந்தவன், அம்மாவிடம் பெருமையாகச் சொன்னான்.

“ரெண்டே தடவதாம்மா கூப்பிட்டுச்சு. அப்படியே அப்பா கொரலு. அப்புறம் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டு ஓடி வந்துச்சு. நான் ஏமாறலயே.”

அப்பா தண்ணீரைவிட்டு ஏறி வந்தார். தொபுக்கென்று விழுந்தது நீர்க்கோழியோ மீனோ, யாருக்கும் தெரியாது. பேயைப் பற்றி அம்மாவோடு சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். தம்பிக்கு ஒரு அடியாவது விழும் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. அம்மா செம்பில் மிஞ்சிய காப்பியை அவர் கையில் கொடுத்து, “ஒங்க சயன்சு ஒரு தடவையோட விட்ருமாங்க?” என்று மட்டும் கேட்டாள். அவர் குடித்ததில் பாதி சட்டையில் சிந்தியது.

அன்று மத்தியானம் இலை போட்டதும் அப்பா தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. தம்பி அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இலைமுன்னால்தான் உட்கார்ந்திருந்தான். “இங்கனதானப்பா இருக்கேன்” என்று அவன் சொன்னதும் நானும் அவனும் சிரித்துப் புரண்டோம். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயும் அவர் எங்களைக் கூப்பிடுவது மூன்று தடவைதான், பதில் வந்தாலும் வராவிட்டாலும். சயன்ஸ் வாத்தியாருக்குப் பேய்ப் பயம் வந்துவிட்டதென்று லீவு முடிந்ததும் என் வகுப்பு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அம்மா மட்டும் ஒரு நாளும் சிரிக்கவில்லை. அவள் பேய்தானே ஜெயித்தது, ஏன் சிரிக்கவில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை, வெயில் ஏறியும் பிள்ளையைக் காணோம் என்று தெருமுனைவரை போய் நின்று, மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் தடவையிலேயே “வாரேம்மா” என்று பதில் வந்தது. ஓடிவந்து எதிரே நின்றான். குல்லாயைக் காணோம், முகமெல்லாம் வியர்வை. நான் அவன் முகத்தைப் பார்த்தபடியே இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டேன்.

“பக்கத்துலதானம்மா நிக்கிறேன்” என்று அவன் சிரித்தான்.