பாயச வாளி மாப்பிள்ளை

போடியில் எங்கள் தெருவே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. பிலிப்பைன்ஸ்காரர். மஸ்கட்டில் நர்ஸாக வேலை பார்த்த எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, பல வருடம் அங்கேயே குடும்பம் நடத்தியவர். எங்கள் தெருவில் செல்போன் தலைகாட்டிய சமயத்தில் மனைவியின் ஊருக்கே குடிவந்துவிட்டார்.

குட்டையான உருவம், வேட்டிக்கு மேல் பட்டையான பெல்ட். எங்கே நாலு பேர் வேலை செய்தாலும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு போய் நிற்பார். உடனே யாராவது நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். மாப்பிள்ளையை வேலை வாங்க முடியுமா?

மைத்துனி கல்யாணத்தில் மட்டும் சண்டை போட்டுப் பாயச வாளியை வாங்கிவிட்டார். என் இலையில் அரைக் கரண்டி விழுந்ததும், மரியாதைக்குக் கையால் மறித்துப் "போதும்" என்றேன். தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்! அடுத்தடுத்த இலைகளிலும் அப்படியே. வாளி நிறையப் பாயசத்தோடு திரும்பினார்.

பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த மாமனாருக்கு வந்ததே கோபம்.

"ஏலே! போதும்னா விட்டுட்டு வந்துருவியா? வற்புறுத்தி ஊத்துலே!"

மாப்பிள்ளையைப் போய் ஏலே என்பதா என்று பந்தியே திரும்பிப் பார்த்தது. மாமனார் நாக்கைக் கடித்துக்கொண்டார். மாப்பிள்ளையோ முகமெல்லாம் பல்லாக என்னிடம் ஓடிவந்தார்.

"கேட்டீகளா? மாமா என்னைய ஏலேன்னுட்டாக!"

"கோவத்துல வந்துருச்சு. தப்பா நினைச்சுக்கிறாதீக மாப்பிள்ளை."

"தப்பா? இனிமே எனக்கு யாரும் நாற்காலி போடாதீக!"

சொல்லிக்கொண்டே ஊற்றினார். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. பாயசம் இலையைத் தாண்டி என் மடியை நோக்கி வந்தது. "போதும், போதும்!" என்று அலறினேன். நிஜமாகவே போதும் என்றுதான் சொன்னேன்.

அவர் நம்பவே இல்லை.