மூன்றாவது விசில்

எங்கள் அப்பாவை யாராலும் ஏமாற்ற முடியாது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார், அதுவும் தினமும். மந்தைவெளி மார்க்கெட்டில் அவர் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அழகில் கடைக்காரருக்கே தன் காய் மேல் சந்தேகம் வந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு பெட்டியை வைத்து ஏமாற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பினார் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகவில்லை. நல்ல வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து சின்னச் சின்ன ஸ்பீக்கர்களாகச் செய்துகொண்டிருந்தார். பெரிய பெட்டியில் நல்ல சத்தம் வருவதில் என்ன அதிசயம், அரிசி டப்பா அளவுப் பெட்டியில் இயல்பான சத்தம் வரவேண்டும் என்பது அவர் பிடிவாதம். முதலில் செய்த பெட்டிகளில் யார் பேசினாலும் ஜலதோஷம் பிடித்த மாதிரி கேட்டது. உள்ளே பஞ்சு அடைத்தார், பின்னால் ஓட்டை போட்டுக் குழாய் சொருகினார். எங்கள் வீட்டுத் தலையணைகள் ஒவ்வொன்றாக இளைத்துக்கொண்டே வந்தன. கீச்சுச் சத்தத்துக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர், கனத்த சத்தத்துக்குக் கொஞ்சம் பெரியது. ஒரு குரல் இதிலிருந்து அதற்குப் போகும் இடத்தில்தான் குட்டு வெளிப்படுகிறது என்பார். நிறைகுடத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்குகிற மாதிரி, ஒரு சொட்டு சிந்தக்கூடாதாம்.

ஒவ்வொரு பெட்டி முடிந்ததும் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டுவார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, தேர்வுத் தாள் திருத்துகிற வாத்தியார் மாதிரி கேட்பார். கடைசியில் எப்போதும் ஒரே தீர்ப்புதான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பெட்டின்னு தெரியுதே."

ஒருநாள் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. தி.நகரில் நண்பரின் ஜவுளிக்கடையில் சித்தப்பாவுக்கு ஒரு வேலை பேசி முடித்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். சித்தப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பால்கனியில் பிளைவுட் வாசனையும் சித்தப்பாவின் பேச்சும் இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

பிறகு அவரே திரும்பி வந்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எதுவும் பெட்டியாகத்தான் கேட்கும், தெரியாமல் கேட்கும்போது ஏமாறுகிறாயா பார், ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடு என்றார். அப்பா சிரித்தார். ஏமாந்தால் இனி வேலையைப் பற்றி வாயே திறக்க மாட்டேன், ஏமாறாவிட்டால் திங்கட்கிழமை கடையில் போய்த் துணி மடிக்க வேண்டும் என்று ஒப்பந்தமாயிற்று.

அந்த ஞாயிறு அப்பா பண்ணிய கூத்து இருக்கிறதே! குளியலறையிலிருந்து அம்மா துண்டு கேட்டுக் கூப்பிட்டாள். அப்பா அசையவே இல்லை. பெட்டி வேலை என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். வாசலில் இஸ்திரிக்காரர் தொண்டை வறளக் கத்தினார். அப்பா பேப்பரைப் புரட்டியபடி, இஸ்திரிக்காரர் குரல் பரவாயில்லை, தேறிவிட்டாய் என்று பால்கனிப் பக்கம் சொன்னார். அந்த மனிதர் துணி மூட்டையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பத்து மணிக்கு மேல் அம்மா அரிசியைக் குக்கரில் வைத்துவிட்டு, மூன்று விசில் வந்ததும் அணைத்துவிடச் சொல்லி, சாந்தோமுக்கு மீன் வாங்கக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை விசில் எண்ணுவது அப்பாவின் பொறுப்பு. இதற்காகத்தான் நாங்கள் காத்திருந்தோம். சித்தப்பா இரண்டு நாள் முன்பே எங்கள் குக்கரின் விசிலைப் பக்கத்திலிருந்து பதிவு செய்திருந்தார். பெட்டி சமையலறை அலமாரியில் புளி ஜாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. அவர் போனோடு பால்கனியில். சமையலறை வாசலில் நான். சிரித்துத் தொலைக்காதே என்பது எனக்கு இடப்பட்ட ஒரே கட்டளை.

முதல் விசிலைக் குக்கரே அடித்தது. கூடத்திலிருந்து அப்பா "ஒண்ணு" என்றார். குக்கர் அடுத்ததற்கு மூச்சுப் பிடிப்பதற்குள் பெட்டி அடித்தது. அந்த முக்கல், அந்தச் சீறல், கடைசியில் அந்த இழுவை, அச்சு அசல் எங்கள் குக்கர்! எனக்கே புல்லரித்துப் போயிற்று. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ரெண்டு" என்றார்.

ஆனால் அடுத்து நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. குக்கருக்கு இன்றைக்கு என்ன அவசரம் என்று சொல்லிக்கொண்டே அப்பா எழுந்து நேராகச் சமையலறைக்கு வந்து, அடுப்புத் திருகில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். பால்கனியில் இருக்கும் சித்தப்பாவுக்கு இது தெரியாது. ஓடிப்போய்ச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். திங்கட்கிழமை, ஜவுளிக்கடை, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ஜாடிக்குப் பின்னாலிருந்து மூன்றாவது விசில் கிளம்பியது. அப்பா குக்கரைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு "மூணு" என்று சத்தமாகச் சொல்லி அடுப்பை அணைத்தார்.

நான் பால்கனிக்கு ஓடினேன். சித்தப்பா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அம்மா வந்து குக்கரைத் திறந்து பார்த்துவிட்டு, இது சோறா அரிசியா என்று பிடித்துக்கொண்டாள். மூணு விசில் வந்தது, நான்தான் எண்ணினேன் என்று அப்பா சாதித்தார். அப்போது சித்தப்பா பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து இன்னொரு முறை விசில் அடிக்கவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா பெட்டியைக் கையிலெடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"பெட்டின்னு தெரியலைடா," என்றார்.

அன்றைக்கு மீன் குழம்புக்குக் கடையில் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான பரோட்டாவை நான் அப்புறம் சாப்பிடவே இல்லை. சித்தப்பா ஜவுளிக்கடைக்குப் போகவில்லை. இன்று அவருடைய குட்டி ஸ்பீக்கர்களை வாங்க ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும், அண்ணனை ஏமாற்றிய கதையைச் சொல்லாமல் அனுப்பமாட்டார்.

போன மாதம் ஆழ்வார்பேட்டையில் என் வாடகை வீட்டில், நானும் அப்பா மாதிரியே திருகில் கையை வைத்துக்கொண்டு விசிலுக்காக நின்றேன். குக்கரின் வெயிட் ஆடியது, எழும்பியது, சீறியது. குப்பென்று ஆவி வந்து என் கண்ணாடியை மூடிவிட்டது. துடைக்கக் கழற்றினவள் அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்கு அப்பாவின் கண்ணாடி துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. அதற்கு மேலாகத்தான் என்னைப் பார்த்தார். அவர் மூக்குக்கு நேரே இருந்த வெயிட் ஆடவே இல்லை. இரண்டாவது விசிலுக்கு நிஜமாகவே ஏமாந்த மனிதர், மூன்றாவதைத் தெரிந்தே எண்ணியிருக்கிறார்.

உடனே அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"மூணு விசில் வந்துச்சு, பாப்பா. நான்தான் எண்ணினேன். சித்தப்பா கிட்ட எதையாவது உளறி வைக்காதே."